என் பெயரில் அந்தக் கோப்பை வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பரீட்சைக்குப் படிப்பது போலக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பையன்கள் நாலு பேர் பரளச்சிக்கு வீடு தேடி வந்தார்கள். பையன்கள் என்று நான்தான் சொல்கிறேன். எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒருவனுக்குச் சர்க்கரை, இன்னொருவனுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை. சித்ரா பௌர்ணமிக்கு வேன் பிடித்து வெள்ளியங்கிரி போகிறார்களாம். சாமி கும்பிட மட்டுமல்ல, போட்டியும் உண்டாம். பூண்டி அடிவாரத்தில் செல்போனில் நேரத்தை ஓடவிட்டு, ஏழு மலையும் ஏறி இறங்கி, முதலில் வருபவனுக்குக் கோப்பை. கோப்பைக்கு என் பெயர், பனியனில் என் படம். "விடாமுயற்சிய எங்களுக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதான சார்" என்றான் ஒருவன்.

வந்த பிள்ளைகள் முகம் வாடக்கூடாது என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை எல்லார் முன்பும் சொல்கிறேன். என் பெயரில் அந்தக் கோப்பை வேண்டாம். போட்டியும் வேண்டாம்.

வெள்ளியங்கிரி சும்மா ஒரு குன்று அல்ல. ஒரு வழிக்கே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். முதல் மலையின் கல்படியிலேயே நெஞ்சு படபடக்கும். மாசி, பங்குனி, சித்திரை என்று கோடையில்தான் மலையைத் திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் ராத்திரியில் ஏறுகிறார்கள். உச்சியில் குளிர்காற்று அடிக்கும். தூக்கமில்லாமல் ஏறியவர்கள் மறுநாள் வெயில் உச்சிக்கு வரும்போது நடுங்கும் முழங்காலோடு இறங்குகிறார்கள். 2024 மார்ச்சில் ஒரு நாளைக்குள் மூன்று பேர் அந்த மலையில் இறந்தார்கள். இதய நோய், இரத்தக் கொதிப்பு, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. நம் பையன்களோ ராத்திரி முழுக்க வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போய், வழியில் பரோட்டா சாப்பிட்டு, இறங்கின கையோடு ஓடப் போகிறார்களாம். அங்கே மயங்கி விழுந்தால் 108 வண்டி வராது. டோலி கட்டி நாலு பேர் தோளில்தான் இறக்க வேண்டும்.

"சாமி காரியம் சார்" என்பீர்கள். சாமி எந்த நேரத்தில் கடிகாரம் கேட்டார்? நம் திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமண மகரிஷி வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரு மலையிலும் அதன் அடியிலும் கழித்தவர். அந்த மலையை நிறைமாதக் கர்ப்பிணி நடப்பது போல மெதுவாகச் சுற்றிவர வேண்டும் என்று அவர் வழி வந்தவர்கள் சொல்வார்கள். நம் பக்கத்து மகான் காட்டிய வேகம் அதுதான்.

"வெயிலிலேயே பிறந்து வளர்ந்த கரிசக்காட்டு ஆளுக சார் நாங்க, எங்கள என்ன செய்யும்" என்று இன்னொருவன் கேட்டான். அங்கேதான் தப்பு. நம் அப்பன் பாட்டன் வெயிலோடு மல்லுக்கட்டிப் பிழைக்கவில்லை, வெயிலுக்கு ஒதுங்கிப் பிழைத்தார்கள். விடியும் முன்னே பருத்திக்காட்டுக்குப் போனார்கள். உச்சிப் பொழுதில் கம்மாய்க்கரை நிழலில் தலைத்துண்டை விரித்துப் படுத்தார்கள். கூழில் உப்புப் போட்டுக் குடித்தார்கள். பொழுது சாய்ந்தபின் மறுபடி இறங்கினார்கள். இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு வெயிலுக்குப் பழக பத்துப் பதினைந்து நாள் ஆகும். வெயிலில் நிற்காவிட்டால் சில வாரங்களிலேயே அந்தப் பழக்கம் போய்விடும். சென்னையிலும் திருப்பூரிலும் ஏசி அறையில் இருபது வருஷம் உட்கார்ந்தவனுக்குப் பரளச்சியில் பிறந்த சான்றிதழ் எந்த விதத்தில் உதவும்?

வெயிலிலும் மலையிலும் பந்தயம் நடத்துகிறவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மரணப் பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் வரை 217 கிலோமீட்டர் ஓட்டம் ஜூலை மாதத்தில் நடக்கிறது. அவனவன் மாதக்கணக்கில் பழகிவிட்டு வருகிறான். ஒவ்வொருவன் கூடவும் தண்ணீர், பனிக்கட்டியோடு துணை ஆட்கள் வண்டியில் போகிறார்கள். அப்படியும் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாம் சிம்ப்சன் கதை போதும். 1967 ஜூலை 13, பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயம், வான்டூ மலை, கொளுத்தும் வெயில். விழுந்தவரைத் தூக்கி மறுபடி சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி விழுந்தார். எழவில்லை. வயது 29. ஊக்க மருந்தும் மதுவும் உடம்பில் இருந்தன. களைப்பு என்று உடம்பு சொன்ன சேதியை மருந்து மறைத்துவிட்டது.

அது வெளிநாடு என்று ஒதுக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்டில் மதுவிலக்குக் காவலர் வேலைக்கு ஒரு மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அப்புறம்தான் தேர்வைச் சில நாள் நிறுத்தினார்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் ஓடவிடக் கூடாது என்றார்கள். அத்தனை வீட்டில் இழவு விழுந்த பிறகு வந்த புத்தி.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

பல வருஷத்துக்கு முன், ஒரு பங்குனி மாதம், விளையாட்டு விழா. விருந்தினர் வரத் தாமதமாகி நீள ஓட்டம் நடுப்பகலில் போய் விழுந்தது. தள்ளிவைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு பையன் கால் பின்ன ஆரம்பித்தான். நான் சைக்கிளில் கூடவே போய், "நிக்காதே, முடிச்சிரு, முடிச்சிரு" என்று கத்தினேன். பேரைக் கேட்டால் வேறு ஏதோ உளறினான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ரோட்டோரம் விழுந்துவிட்டான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி ஓடிவந்து, கருவேல நிழலுக்கு இழுத்துப்போட்டு, தன் குடத்துத் தண்ணீரை அவன் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றி, முந்தானையால் விசிறினார். "ஏன்யா வாத்தியாரே, பெத்தவ கையில என்னத்தக் குடுக்கப் பாத்தீக?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பையன் பிழைத்தான். லாரி ஓட்டுகிறான், பேரன் எடுக்கப் போகிறான். அவனுக்கு அந்த நாள் சரியாக ஞாபகம் இல்லை என்கிறான். எனக்கு இப்போதும் பங்குனி வெயிலைப் பார்த்தால் அந்த ஆச்சி குரல் கேட்கிறது.

ஆக, விடாமுயற்சி என்று நான் கத்துக்கொடுத்ததில் பாதி தப்பு. அதை இப்போது திருத்துகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெயிலில் ஓடுகிறவன், ஏறுகிறவன் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எரிச்சல் பட்டால், அது சோம்பல் அல்ல, மூளைக்குச் சூடு ஏறுகிறது. வேர்வை நின்றால்தான் ஆபத்து என்று இருக்காதீர்கள், ஓடுகிறவனுக்கு வேர்த்துக்கொட்டும்போதே வரும். உடனே நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறல். முதலில் குளிரவைப்பது, பிறகு ஆஸ்பத்திரி. நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நினைவுள்ளவனுக்கும் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுக்காதீர்கள், உப்பும் வேண்டும்.

போலீஸ் வேலைக்கு விடிகாலையில் அருப்புக்கோட்டை ரோட்டில் ஓடுகிற பிள்ளைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குப் பெருமை. எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பி.டி. சார்கள், நடுப்பகல் ஓட்டத்தை எந்த விருந்தினருக்காகவும் வைக்காதீர்கள்.

வெள்ளியங்கிரிக்குப் போகிற என் பையன்களே, போங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள். முந்தின நாள் தூங்குங்கள். கடிகாரத்தை வேனிலேயே வையுங்கள். யாராவது ஒருவன் "முடியலடா" என்றால் நாலு பேரும் அவனோடு திரும்பி வாருங்கள். அப்படித் திரும்பி வந்தால் சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டுக்கே வந்து மாலை போடுகிறேன்.

பனியன் அச்சடித்திருந்தால் அந்தச் செலவை நான் தருகிறேன். கோபம் இருந்தால் கீழே எழுதுங்கள். தப்பாக எழுதினால் பிழை மட்டும் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், பரளச்சி