அம்மாவுக்கு எந்தக் கக்கூஸ்?

தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைகள் அம்மாவுக்கு முழங்கால் வலின்னு கேட்டதும், "பழைய பேசினைத் தூக்கிட்டு வெஸ்டர்ன் வச்சுருவோம்" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனா கடைக்குப் போய் கமோடு பார்க்கறதுக்கு முன்னாடி, கொல்லைப்பக்கம் போய் குழியைப் பாருங்க.

எங்க பக்கம் பல வீடுகளில் இருப்பது 2014க்கு அப்புறம் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் வாங்கிக் கட்டியது. நாலடி அறை. முறையாகக் கட்டியிருந்தால் பின்னால் ரெண்டு உறைக்குழி இருக்கும். ஒண்ணு நிறைஞ்சதும் மூடிட்டு அடுத்ததுக்குத் திருப்பி விடணும். மூடினதை ரெண்டு வருஷம் கழிச்சுத் திறந்தால் வாடையே இல்லாத மண். தென்னைக்குப் போடலாம், நான் போடுறேன். இதுக்குன்னு செஞ்ச பேசின் நல்ல சரிவா இருக்கும், ரெண்டு லிட்டர் தண்ணியிலேயே போயிரும்.

டேங்க் வச்ச கமோடோ பெரிய பட்டனை அமுக்கினால் ஆறு லிட்டர் விடும். வருஷம் பூரா ஆறு ஓடாத மாவட்டம் இது, சித்திரையில் அந்தத் தண்ணிக்கு எங்க போறது? ஐப்பசி மழையிலோ மண்ணே ஊறிக் கிடக்கும், குழித் தண்ணி இறங்காது.

உடனே ஒருத்தர், "வெஸ்டர்ன்னா செப்டிக் டேங்க் கட்டணும்"பார். கட்டவே வேண்டாம். உறைக்குழிக்குக் கமோடும் ஒண்ணுதான், பேசினும் ஒண்ணுதான், தண்ணி மட்டும் அளவா போகணும். நல்லா இருக்கிற குழியை விட்டுட்டு டேங்க் கட்டுறதுதான் எனக்குக் கோபம். அது நிறைஞ்சா லாரி கூப்பிடணும். லாரி வராத சந்துல ஒரு மனுஷனை இறக்கப் பார்ப்பாங்க. 2013லேயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு, சாவு நிக்கலையே.

என் யோசனை, முதல்ல பேசின் மேலேயே போடுற ஓட்டை நாற்காலியை வாங்கிப் பாருங்க. தரையை உடைக்க வேண்டாம், மத்தவங்க எப்பவும்போல குந்திக்கலாம். அது ஆடுது, அம்மாவுக்குப் பயமா இருக்குன்னா, டேங்க் இல்லாத கமோடு வாங்கி வாளியில் ஊத்துங்க. பேசின் அளவுக்குக் கொஞ்சத் தண்ணியில் போகாதுதான், ஆனா எவ்வளவு போகுதுன்னு கை அளவு தெரியும். சுவத்துல தொங்குற மாடல் நம்ம அரைக்கல் சுவருக்கு ஆகாது.

வாங்கும்போது பின்சுவரிலிருந்து குழாய் எத்தனை அங்குலத்தில் வரணும்னு கொத்தனாரிடம் கேட்டுக்கங்க. நாலு, ஒன்பது, பன்னிரண்டுன்னு கமோடுக்குக் கமோடு மாறும். பழைய பேசினுக்கு அடியில் இருக்கிற வளைவை எடுக்கச் சொல்லுங்க. கமோடுக்குள்ளேயே ஒரு வளைவு இருக்கு, ரெண்டும் சேர்ந்தால் அடைச்சுக்கிட்டே இருக்கும்.

அப்புறம் கதவு. நாலடி அறையில் கமோடு ரெண்டடிக்கு மேலேயே பிடிச்சுக்கும். உள்பக்கம் திறக்கிற கதவா இருந்தா வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்திருங்க. உள்ளே வழுக்கி விழுந்தவங்க கதவை அடைச்சுக் கிடந்தா வெளியிலிருந்து தள்ள முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நெம்பித் திறக்கிற மாதிரி இருக்கட்டும்.