மக்கும் பை எங்கே மக்குகிறது?

அமெரிக்காவில் நாயை நடத்திக் கூட்டிப்போகிறவர்களின் பிடிகயிற்றில் ஒரு சிறு பைச்சுருள் தொங்கும். அதிலிருந்து பச்சைப் பை ஒன்றைக் கிழித்து, கையுறைபோல் மாட்டி, கழிவை அள்ளி, பையைப் புரட்டி முடிச்சுப் போட்டுத் தொட்டியில் எறிவார்கள். பைமேல் இலைப் படம். 'மக்கும்' என்ற வாசகம். பூமிக்குக் கேடு செய்யவில்லை என்ற நிம்மதியையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது.

"குப்பையில் போட்டால் தானாக மக்கிவிடும்."

தொட்டிக் குப்பையில் பெரும்பகுதி போய்ச் சேர்வது குப்பைக் கிடங்குக்கு. அங்கே அதை நசுக்கி, மண் போட்டு, காற்றும் நீரும் எளிதில் புகாதபடி மூடுகிறார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே குழுவினர் இத்தகைய கிடங்குகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுப் பழைய செய்தித்தாள்கள் வாசிக்கும் நிலையில் வெளிவந்தன. காகிதத்துக்கே அந்த நிலை. வழக்கமாகக் கொட்டும் இடத்தில் ஓராண்டுக்குள் முழுதாகச் சிதையாத பொருளை, நிபந்தனை எதுவும் சொல்லாமல் 'மக்கும்' என்று விற்பது ஏமாற்று என்கிறது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் 2012 வழிகாட்டி. நாய்ப் பைகளைத் தயாரித்து விற்கும் 20 நிறுவனங்களுக்கு 2015இல் எச்சரிக்கைக் கடிதமும் போனது.

"சான்றிதழ் இருக்கிறதே?"

இருக்கிறது, பொய்யும் இல்லை. ஆனால் ஏஎஸ்டிஎம் டி6400, ஈஎன் 13432 போன்ற தரநிலைகள் சோதிப்பது தொழில்முறை உரக்கூடத்தின் நிலைமையை: ஏறக்குறைய 58 டிகிரி வெப்பம், அளவான ஈரம், தாராளமான காற்று. அத்தகைய கூடங்களில் பெரும்பாலானவை நாய்க்கழிவை உள்ளேயே விடுவதில்லை. டொராண்டோ நகரம் ஏற்கிறது. ஆனால் அங்கே எந்தப் பையானாலும் முதலில் பிரித்து எறிந்துவிடுகிறார்கள்.

"வீட்டு உரக்குழியில் போடலாமே?"

இது ஆபத்தான யோசனை. நாய்களின் குடலில் வாழும் டாக்ஸோகாரா என்ற உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குழந்தைகளின் கண்ணையே பாதிக்கக்கூடியவை. வீட்டுக் குழி அவற்றைக் கொல்லுமளவுக்குச் சூடேறுவது அரிது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் பனிச்சறுக்கு வண்டி நாய்களை வளர்ப்பவர்கள் கழிவோடு மரத்தூளைக் கலந்து, சூட்டை அளந்து பார்த்து, கிளறிக்கிளறி உரமாக்கியதுண்டு. அதை அடிப்படையாகக் கொண்டு 2005இல் வந்த அரசுக் கையேடும், அந்த உரத்தை உணவுப் பயிருக்குப் போடாதீர்கள் என்றே சொல்கிறது. அங்கே கழிவை அள்ள மண்வெட்டி போதும், பை வேண்டியதில்லை.

"வெளியே விழுந்தாலும் மண்ணோடு மண்ணாகிவிடும்."

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலவகைக் கடைப் பைகளை மண்ணிலும் கடலிலும் போட்டுவைத்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 'மக்கும்' என்று விற்ற பை மூன்றாண்டு கழித்தும் சாமான் சுமக்கும் உறுதியோடு இருந்தது. உரமாகக்கூடியது என்ற பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. அதுவே மண்ணில் 27 மாதம் கழித்தும் கிடந்தது.

"சாதாரண பிளாஸ்டிக்குக்கு இது மேல்தானே?"

சோள மாவு கலந்த பைகள் பலவற்றில் சரிபாதிக்கு மேல் பிபிஏடி என்ற பொருள் இருக்கிறது. அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கிடங்கில் மக்காவிட்டால் இந்தப் பை மற்றப் பைகளோடு ஒன்றாகக் கிடக்கும். காற்றில்லாமல் மக்கினாலோ மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும் வாயு அது.

இதனால் கழிவை அள்ளாமல் விடலாம் என்று ஆகாது. மழைநீரோடு அது ஓடைகளில் கலந்தால் கேடு இன்னும் பெரிது. அள்ளத்தான் வேண்டும். அதற்கு, எப்படியும் குப்பைக்குப் போகவிருக்கும் ரொட்டி உறை போதும். கூடுதல் காசு கொடுத்துப் பச்சைப் பை வாங்குமுன், நாய்க்கழிவைப் பையோடு வாங்கி உரமாக்கும் கூடம் ஊரில் உண்டா என்று நகராட்சியிடம் கேளுங்கள். இல்லையென்றால், அந்த இலைப் படத்துக்குத் தண்டச் செலவு செய்யாதீர்கள்.