தலைக்கணக்கில் பங்கிடப்பட்ட உழைப்பாளிகள்



கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். மலைக்கு அப்பால் கூலிக்குப் போகிறவர்கள் படும் பாட்டை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் கடலுக்கு அப்பால் கூலிக்குப் போன நம் சகோதரர்களின் கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1820களிலிருந்து, பஞ்சத்தில் அடிபட்ட தமிழக ஏழைகள், வெள்ளைத் துரைமாரின் காப்பித் தோட்டங்களுக்காகக் கங்காணிகளின் பின்னே இலங்கை சென்றார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த காட்டுவழியில் பசிக்கும் காலராவுக்கும் பலர் பலியானார்கள். பிழைத்தவர்கள் காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள். காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வளர்த்தார்கள். 1940இல் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது போலீஸ் குண்டுக்குத் தொழிலாளி கோவிந்தன் இரையானார்.

இந்த உழைப்புக்குக் கிடைத்த பரிசு என்ன? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தங்கள் பிரதிநிதிகளைச் சபைக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளை ஆதரித்தார்கள். ஆளும் கூட்டம் மிரண்டது. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் பறிபோயிற்று. "கள்ளத்தோணி" என்ற வசையே மிச்சம்.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் ஆட்டு மந்தையைப் பிரிப்பது போலத் தலைக்கணக்கு! நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று அந்த உழைப்பாளியை முதலில் கேட்டவர் யார்?

திரும்பி வந்தவர்களுக்கு இங்கே என்ன மரியாதை? அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்". கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. இலங்கையில் எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003 வரை ஆயிற்று. இனக்கலவரங்களுக்குத் தப்பி வந்த மலையகக் குடும்பங்கள் பல, இன்றும் தமிழக முகாம்களில் பிரஜாவுரிமையின்றி இருக்கின்றன. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கு உரிமை கொடு என்று கேட்பது நம் கடமை.

ஆனால் நம் முற்றத்தையும் பார்ப்போம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறின்போது, இடுக்கியிலிருந்து தமிழ்க் கூலிகள் குழந்தைகுட்டியோடு மலையிறங்கி ஓடிவந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இதில் எந்தத் தொழிலாளியின் கூலி ஒரு ரூபாய் கூடியது?

இன்று நம் பஞ்சாலைகளில் ஒரியா, இந்தி பேசும் தொழிலாளர் நிற்கிறார்கள். அவர்களை "வடக்கன்" என்று ஏசும் வாய், "கள்ளத்தோணி" என்று ஏசிய அதே வாய்தான். குறைந்த கூலிக்கு அவர்களை அழைத்து வந்தவன் முதலாளி. சண்டை அவனோடு, அவர்களோடு அல்ல. சம வேலைக்குச் சம கூலி கேட்டு அவர்களையும் சங்கத்தில் சேருங்கள். முல்லோயாவில் சிந்திய ரத்தத்துக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே!