குளவிக்கும் ஒரு பீல்ட் ட்ரிப் போடுங்க

உயிரியல் படிக்கிற பிள்ளைகளை ஏத்திக்கொண்டு கெம்பஸ் பஸ் மலைக்கு ஏறுவதை நம்மில் பலர் ரோட்டோரம் நின்று பார்த்திருப்போம். சிலர் அந்த பஸ்ஸுக்குள்ளேயே இருந்திருப்போம். பின் சீட்டில் பைலா, தாளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, தேயிலை மலை தெரிந்ததும் ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து போன். அந்தப் படங்களில் கொழுந்து பறிக்கிற அம்மாமாரும் விழுவாங்க, சும்மா 'வியூ'வாக. பஸ் அங்கே நிற்காது. அது போகிற இடம் ஹோர்ட்டன் சமவெளி, இல்லாவிட்டால் ஹக்கலை. அங்கே போய்க் கயிறு கட்டி, சட்டம் போட்டு, சட்டத்துக்குள் இருக்கிற செடியை எண்ணி, ராத்திரி டோர்ச் அடித்துத் தவளை தேடி, மறுநாள் திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதுவாங்க.

அந்தச் சந்தோஷத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. லெக்சர் ஹோலில் ஒரு வருஷம் பேசாத இரண்டு பேர், ஒருத்தர் காலில் ஏறின அட்டையை மற்றவர் சவர்க்காரம் தேய்த்து எடுத்துவிடும்போது கூட்டாளி ஆகிறாங்க. சிங்களமும் தமிழும் ஒரே கேம்பில் ஒரே சட்டிச் சோறு சாப்பிடுவது பல டிப்பார்ட்மென்ட்டுகளில் பீல்டில் மட்டும்தான். தவளையும் சும்மா விஷயம் இல்லை. வால்பேத்தைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வருகிற இனங்கள் நம்ம மலையில் ஏராளம். 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் மீகஸ்கும்புர, பெத்தியாகொட குழு அதை எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. என் சண்டை வேறு. இரண்டு காட்டுக்கு நடுவில் இருக்கிற தேயிலைத் தோட்டம் உயிரியலுக்கு வெறும் ரோட்டு மாதிரி ஆகிவிட்டது. அதைத்தான் கேட்கிறேன்.

2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில், மரக்கறித் தோட்டத்துக் கம்பி வலையில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனாங்க. மூன்று நாளில் செத்துப்போனது. நாடே அழுதது, அழ வேண்டியதுதான். ஆனால் அந்த அழுகையோடு சேர்ந்து வந்த பேச்சையும் கேட்டோமே: "தோட்டத்து ஆளுங்க வலை வைக்கிறாங்க, அவங்களுக்கு மிருகத்தோட அருமை தெரியாது." கம்பி வலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது சட்டவிரோதம், கொடூரம். பன்றிக்கு வைத்ததா சிறுத்தைக்கு வைத்ததா என்று கம்பிக்குத் தெரியாது. ஆனால் உயிரியல் படித்தவன் அதோடு நிற்கலாமா? பன்றி ஏன் மரக்கறிப் பாத்திக்கு வருகிறது? சிறுத்தை ஏன் லயத்துப் பக்கம் வருகிறது? பன்றி, கேளையாடு, முள்ளம்பன்றி, லயத்து நாய் எல்லாம் இருக்கிற இடத்துக்கு அது வரத்தான் செய்யும். தோட்டம் அதுக்கு நடைபாதை, ஒளிகிற இடம், சில நேரம் வீடும்கூட. டிக்கோயாப் பக்கம் டன்கெல்டில் நிலையம் வைத்து, தோட்டங்களுக்குள் சிறுத்தையைப் பின்தொடர்கிற ஆய்வாளர்கள் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறாங்க. நம்ம சனம் அதை 'புலி' என்றுதான் சொல்லும். வகுப்பில் அப்படிச் சொன்னால் சிரிப்பாங்க. சிரிக்கிறவங்க ஒன்றை யோசிக்கலாம்: இலங்கைச் சிறுத்தைக்கு 1956இல் தெரணியகல வைத்த விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல்லான 'கொட்டியா' ஊர்ச் சிங்களத்திலிருந்து போனதுதான். ஊர் வார்த்தை விஞ்ஞானத்துக்குள் போகும். யாருடைய ஊர் என்பதுதான் கேள்வி.

சிறுத்தையாவது அழகு, படம் எடுக்கலாம். குளவிக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடையாது.

'குளவி கொட்டுக்கு இலக்காகி பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி.' இந்தச் செய்தியை எத்தனை தரம் வாசித்திருப்பீங்க? தோட்டத்தின் பெயரும் ஆள் எண்ணிக்கையும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே. சில தரம் 'உயிரிழப்பு' என்று வரும். சரி, கொட்டினது எது? பேப்பரில் எல்லாமே குளவிதான். மரக்கிளையில் கூடு கட்டுகிற குளவி ஒன்று, நிலத்துப் பொந்தில் கட்டுகிறது இன்னொன்று, உயர்ந்த மரத்தில் தட்டுத் தட்டாகத் தொங்குகிற மலைத்தேனீ வேறொன்று. தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், தொடர்ந்து விஷத்தை இறக்கும், உடனே வழித்து எடுக்கணும். குளவி கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். இது முதலாம் வருஷ விலங்கியல். மலைத்தேனீ பருவத்துக்கு ஏற்றபடி இடம் மாறுகிற உயிர். அப்படியென்றால் எந்த மாசம் எந்த உயரத்துத் தோட்டத்துக்கு வருகிறது? நிழலுக்கு நட்ட சவுக்கு மரத்தில் எத்தனை கூடு? கவ்வாத்து வெட்டும்போது ஆபத்து கூடுமா, கொழுந்து எடுக்கும்போதா? இதெல்லாம் பரீட்சைக்கு எழுதுகிற சூழலியல் கேள்விகள்தானே? ஒரு பெட்ச் நாற்பது பேர் நாலு நாள் நடந்தால் ஒரு தோட்டத்துக்குக் கூடு இருக்கிற வரைபடம் போட்டுக் கொடுக்கலாம். ஹோர்ட்டன் சமவெளியில் கயிறு கட்டப் பழகின அதே கைதான்.

பூச்சி ஆராய்ச்சி இந்த மலைக்குப் புதுசு என்று யாரும் சொல்ல வேண்டாம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற விஞ்ஞானியை அரசாங்கமே வரவழைத்தது. அந்த மனுஷன் கண்ணாடித் தகட்டில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் வருகிற வித்தியைப் பிடித்துப் பார்த்தார். நல்ல வேலை. கோப்பியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. பிறகு தேயிலை வந்தது, 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. இப்போதும் தலவாக்கலையில் இருக்கிறது. தேயிலை இலையைச் சுருட்டுகிற புழுவை அடக்க, 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டாங்க. அது இங்கே நிலைத்தும்விட்டது. உயிரியல் கட்டுப்பாட்டுக்குப் பாடத்தில் சொல்ல ஏற்ற உதாரணம். இலைக்காகக் கடல் தாண்டிக் குளவி வந்திருக்கிறது. அந்த இலையைப் பறிக்கிற கையைக் கொட்டுகிற குளவிக்கு ஒரு பஸ் தோட்டத்தில் நிற்கக்கூடாதா?

"தோட்டத்துக்குள் போக அனுமதி வேணுமே" என்பாங்க. வேணும்தான். அனுமதிக் கடிதம் கம்பனிக்குப் போகும், துரைக்குப் போகும், லயத்துக்குப் போகாது. வழி காட்ட ஒரு ஆளைத் துரையே அனுப்புவார். எந்த ஓடைக் கரையில் எந்தத் தவளை கத்தும், எந்தப் பாறையில் புலி படுக்கும் என்று அந்த ஆளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவருக்குத் தோட்டக் கணக்கில் ஒரு 'பேர்' விழும். நம்ம ஊரில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். மழை பெய்து பாதியில் திரும்பினால் அரைப் பேர். ஆய்வுக் கட்டுரையில் அவருக்கு அந்த அரைப் பேர்கூட விழாது. பின்னால் நன்றி சொல்கிற இடத்தில் 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று மொத்தமாக ஒரு வரி, அதுவும் துரைக்கும் கம்பனிக்கும் நன்றி சொன்ன பிறகு.

பஸ்ஸுக்குள் இருக்கிற நம்ம பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். தமிழில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு படிக்கவே தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து போர்டிங்கில் நிற்கணும். அதையும் தாண்டி மாவட்டக் கோட்டாவில் உள்ளே போனால், கோட்டாவில் வந்தவள் என்ற குத்தல். நான் படித்த இடத்தில் (பெயர் வேண்டாம்) பீல்ட் போகிற பஸ் எங்கள் தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் போனது. "இங்கெல்லாம் எப்படி மனுஷன் இருக்கிறான்" என்று முன் சீட்டில் ஒரு சீனியர் அண்ணன் கேட்டார், நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்கு முன்னால் இருந்த தங்கச்சியும் தோட்டத்துப் பிள்ளைதான். தலையைக் குனிந்து போனை நோண்டத் தொடங்கினாள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் தமிழ் வாயிலிருந்தே வரும் என்பதால், தமிழ் கூட்டாளிகளிடமும் ஊரைச் சொல்லாமல் 'நுவரெலியா' என்று மட்டும் சொல்லிச் சமாளிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகள்தான் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவங்க. கூடு எங்கே இருக்கும், புகை போட்டால் என்ன ஆகும், எந்த மலைக்குள் எந்த நேரம் போகக்கூடாது என்று அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவங்க. அந்த பஸ்ஸில் பீல்ட் தெரிந்த ஆள் அவள்தான். அவளையே வாய் திறக்க விடாத டிப்பார்ட்மென்ட், தவளையின் குரலைப் பதிவு பண்ணக் காட்டுக்குப் போகிறது.

இப்போது உயிரியல் பிரிவில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: நாலாம் வருஷ ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒருக்கா போய்க் கேளுங்க, கொட்டு வாங்கி வந்தவங்க விபரம் புத்தகத்தில் இருக்கும். பெயர்கள் வேண்டாம், திகதியும் மலை நம்பரும் போதும். டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியிலும் அனுமதி எடுத்துக் கேட்கலாம். சுப்பர்வைசர் 'இது சமூகவியல்' என்று தட்டிக்கழித்தால், கூட்டின் உயரம், மரத்தின் இனம், மாசம் என்று மூன்று நிரல் போட்ட அட்டவணையைக் கொண்டுபோய் வையுங்க. முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒட்டிவிட்டு வாங்க. வழி காட்டின மாமாவின் பெயரையும், அவர் சம்மதித்தால், முழுசாகப் போடுங்க.