மணலியில் இறங்கிய வயலின்

வட சென்னைக்குக் கானா உண்டு; சாஸ்திரிய சங்கீதத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று இலக்கியக் கூட்டங்களில்கூடப் பேசுகிறார்கள். இது வரலாறு அல்ல, வசதியான மறதி.

வள்ளூர் அனல்மின் நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது மணலி. ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்த ஊர் அது. அவருடைய மகன் பாலுசுவாமி (பிறப்பு 1786) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்க வழிசெய்தவர் மணலி சின்னையா முதலியார். 1904இல் அச்சேறிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தரும் செய்தி இது. அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்றான 'வந்தே மீனாக்ஷி', அயர்லாந்தின் மாலோ நகரப் பெயர் தாங்கிய ஃபிடில் மெட்டில் அமைந்தது.

அயர்லாந்தில் ஸ்லைகோ, டோனிகால், கிளேர் என்று வட்டாரந்தோறும் வில் பேசும் விதம் வேறு. 1920களில் நியூயார்க்கில் மைக்கேல் கோல்மன் பதிவுசெய்த இசைத்தட்டுகளால் ஸ்லைகோ பாணி எங்கும் பரவியது. ஆயினும் மற்ற வட்டாரங்களின் பெயர் அழியவில்லை. நாமும் பரூர், லால்குடி என்று ஊர்ப்பெயரால்தான் பாணிகளைச் சுட்டுகிறோம். மணலியை மட்டும் யாரும் உச்சரிப்பதில்லை.

பாலுசுவாமி பின்னர் எட்டயபுரம் போய்விட்டார், மணலியில் பாணி எதுவும் உருவாகவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் விளைந்த நிலத்தைப் போற்றுகிறவர்கள் நாற்றங்காலை மறப்பது என்ன நியாயம்?

மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையின் புகை மட்டுமல்ல. சங்கீதத்தைக் காவிரிக்கரைக்கே பட்டா எழுதியவர்கள், தோளில் சாய்த்திருக்கும் கருவி வந்த வழியைச் சொல்லிவிட்டு வாசிக்கட்டும்.