தொட்டியில் கொட்டியதெல்லாம் பாலாகுமா?

எங்கள் குடும்பத்தில் காலை 4 மணிக்கு எழுந்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். 6 மணி நிகழ்ச்சிக்கு வானொலி நிலையம் ஓட வேண்டும். இன்னொருவர் பேராக்கில் இருக்கும் என் சித்தப்பா. அவருக்குப் பால் கறக்க வேண்டும். கொட்டகைத் தூணில் ஒரு பழைய வானொலிப் பெட்டி தொங்கும். "உன் சத்தம் கேட்டாத்தான் லட்சுமி ஒழுங்கா பால் விடுறாம்மா" என்பார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரியது.

ஜூன் 1 உலகப் பால் தினம். அன்று காலை ஒரு நிமிடத் துணுக்கு வாசித்தேன். "கறவை மாட்டுக்குப் புரதம் கூடினால் பாலும் கூடும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பிறகு அதை மறந்தும் போனேன்.

கொட்டகையில் இருந்தவர் மறக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

"பால் குறைஞ்சு போச்சும்மா. நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தச் சனிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சித்தப்பாவிடம் இருப்பவை எட்டு கறவை மாடுகள். முன்பு ஆளுக்குச் சராசரி 10 லிட்டர் கொடுத்தவை, இப்போது 8 லிட்டரில் நின்றன. என் பேச்சைக் கேட்டு சோயாப் பிண்ணாக்கை மூட்டை மூட்டையாக வாங்கியிருக்கிறார். அந்தக் காசை ஈடுகட்ட, வழக்கமாகப் போடும் உடைத்த மக்காச்சோளத்தை நிறுத்தியிருக்கிறார். கொட்டகைக்குள் நுழைந்ததுமே மூக்கைத் துளைக்கும் காட்டமான நெடி. பினாங்கில் வேலை செய்யும் அவர் மகன், "வித்துடுங்கப்பா, போதும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டான். என் ஒரு நிமிடத் துணுக்கு ஒரு குடும்பத் தொழிலையே அசைத்துவிட்டது.

நல்ல வேளையாக, கால்நடை மருத்துவரும் அன்று வந்திருந்தார். இளம்பெண். தீவனத் தொட்டியைக் கையால் அளைந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "அங்கிள், நீங்க மாட்டுக்கு நேரா சாப்பாடு போடலை. அது வயித்துல இருக்கிற நுண்ணுயிருங்களுக்குத்தான் போடுறீங்க."

அங்கிருந்துதான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை பெரிய தொட்டி மாதிரி. பெரிய பசுவுக்கு அது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் போடும் புரதத்தில் பெரும்பகுதியை அவை முதலில் அம்மோனியாவாக உடைக்கின்றன. பிறகு அதைக் கொண்டே தங்கள் உடலைக் கட்டிக்கொண்டு பெருகுகின்றன. பெருகியவை கீழே குடலுக்கு இறங்கும்போது, மாடு அவற்றையே செரித்துக்கொள்கிறது. பசுவுக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் பொதுவாக இந்த நுண்ணுயிர்களின் உடலிலிருந்துதான் வருகிறது.

ஆனால் பெருகுவதற்கு நுண்ணுயிர்களுக்குச் சக்தி வேண்டும். அதைக் கொடுப்பவை சோளம், அரிசித் தவிடு, மரவள்ளி, இளம்புல் போன்றவை. சித்தப்பா செய்தது வீடு கட்ட லாரி லாரியாகச் செங்கல் இறக்கிவிட்டு, கொத்தனாருக்குச் சோறு போடாமல் விட்ட கதை. செங்கல் குவிந்தது, சுவர் எழும்பவில்லை.

குவிந்த செங்கல் என்ன ஆகும்? எஞ்சிய அம்மோனியா இரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி, சிறுநீரில் வெளியேற்றும். அந்த வேலைக்கும் மாடு தன் சக்தியைத்தான் செலவழிக்க வேண்டும். கொட்டகையில் வீசிய அந்தக் காட்டமான நெடியின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சித்தப்பா ரிங்கிட் கொடுத்து வாங்கிய புரதம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் புரதம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். குறைந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், புல் செரிக்காது, மாடு தின்பதே குறையும், பாலும் இறங்கும். இல்லாத இடத்தில் புரதத்தைக் கூட்டினால் பால் ஏறும் என்பது உண்மை. போதுமான அளவு வந்தபின் மேலும் கொட்டினால் செலவு மட்டும்தான் ஏறும். நான் வானொலியில் சொன்னது முதல் பாதி. இரண்டாம் பாதியைச் சொல்லவே இல்லை.

மருத்துவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 10 லிட்டர் கறக்கும் 400 கிலோ பசு, ஈரம் கழித்த எடையில் நாளுக்குச் சுமார் 12 கிலோ தின்னும். அதில் 14 விழுக்காடு புரதம் இருந்தால் 1,680 கிராம். அந்த மாட்டுக்கு அதுவே போதும். ஒரு லிட்டர் பாலில் இருப்பதோ ஏறத்தாழ 33 கிராம் புரதம். 10 லிட்டருக்கு 330 கிராம். நாம் போட்டதில் ஐந்தில் ஒரு பங்குதான் வாளிக்கு வருகிறது. மீதி மாட்டின் உடம்புக்கும் சாணத்துக்கும் சிறுநீருக்கும் போகிறது. 25, 30 லிட்டர் கறக்கும் மாடுகளுக்கு 16, 17 விழுக்காடு தேவைப்படலாம். சித்தப்பாவின் கொட்டகையில் அப்படிப்பட்ட மாடு ஒன்றுகூட இல்லை.

"எங்க அம்மா இந்தக் கணக்கெல்லாம் பார்த்தாங்களா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். தோட்டத்து லயத்தில் பாட்டி வளர்த்தவை, நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தவை. கொஞ்சம் பால் கொடுத்து, கிடைத்த புல்லைத் தின்று வாழ்ந்தவை. இப்போது கொட்டகையில் நிற்பவை சாஹிவாலும் ஃப்ரீசியனும் கலந்த மாஃப்ரிவால் வகை. அதிகம் கறக்கும், அதற்கேற்ப அளந்து போட வேண்டும். பாட்டியின் கைப்பிடி அளவு இங்கே உதவாது.

மருத்துவர் சொன்ன மாற்றங்கள் பெரியவை அல்ல. சோயாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சோளத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மழையில் ஆளுயரத்துக்கு மேல் முற்றிவிட்ட நேப்பியர் புல்லை இளசாகவே அறுக்க வேண்டும். முற்ற முற்றத் தண்டுதான் மிஞ்சும், புரதமும் குறையும். நம் நாட்டிலேயே கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் சுமார் 16 விழுக்காடு புரதம் இருப்பதால், இறக்குமதி சோயாவை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாமல், ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நுண்ணுயிர்களும் புதுச் சமையலுக்குப் பழக வேண்டுமே!

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். எதையும் ஒரு நிமிடத்துக்குள் சுருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சுருக்கும்போது விழுந்துவிடும் பாதி யார் வீட்டுத் தொட்டியில் போய் விழும் என்று நான் யோசித்ததில்லை. மறு திங்கட்கிழமை நிகழ்ச்சியில், "நான் சொன்னது அரைகுறை" என்று ஒப்புக்கொண்டேன். முழுதாகச் சொல்ல மூன்று நிமிடம் ஆனது. ஒரு பாட்டு குறைந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்கள் உறவினர் யாராவது மாடு வளர்த்தால், அடுத்த மூட்டை வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். புல் இளசா? புரதத்துக்குத் துணையாகச் சக்தி தரும் தீவனம் இருக்கிறதா? தொட்டியில் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்கிறதா? பாலில் 87 விழுக்காடு தண்ணீர்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

போன வாரம் சித்தப்பா மறுபடி அழைத்தார். பால் 10 லிட்டருக்குத் திரும்பிவிட்டது. தீவனச் செலவு இறங்கிவிட்டது. கொட்டகையில் நெடியும் இல்லை. மகன் விற்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறான்.

"ஆனா ஒண்ணும்மா" என்றார். "இனிமே மாட்டைப் பத்தி ஏதாவது சொல்றதா இருந்தா, முதல்ல எனக்கு ஒரு போன் போட்டுட்டுச் சொல்லு."

சரி என்று சொல்லியிருக்கிறேன்.