பெயிண்டைத் திட்டாதீர்கள்!

"ஏம்ப்பா, கடைப் பெட்டி மாதிரி வழவழன்னு வரலையே?"

பத்தாவது படிக்கும் என் மகன் இப்படிக் கேட்டபோது, அவன் கண்கள் கலங்கி இருந்தன.

பாட்டிக்காக அவன் ஒரு சிறிய ரேடியோ செய்திருந்தான். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் தகட்டை வாங்கி, அறுத்து, ஒட்டி, பெட்டியையும் அவனே செய்தான். மறுநாள் பாட்டி ஊருக்குப் புறப்படுகிறார். ஆகவே இரவோடு இரவாக ஸ்பிரே டப்பாவால் பச்சை வண்ணம் அடித்தான்.

காலையில் பார்த்தால், அறுத்த கோடுகள் எல்லாம் பல்லைக் காட்டின! ஒரு பக்கம் வண்ணம் வழிந்து, கண்ணீர் போல உறைந்து நின்றது.

"மட்டமான பெயிண்டை விற்றுவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டினேன். அது என் தவறு.

பெரியவர் சொன்னது

எங்கள் தெருக்கோடியில், கார்களுக்குப் பட்டி பார்த்து வண்ணம் அடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"பெயிண்ட் பள்ளத்தை மூடாது தம்பி. காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

உண்மைதான். காய்ந்த வண்ணம் மிக மெல்லிய தோல். கீழே கீறல் இருந்தால் மேலேயும் இருக்கும். பளபளப்பு ஏற ஏற, அது இன்னும் நன்றாகத் தெரியும்.

வண்ணம் அடிப்பது ஒரு மணி நேர வேலை. அதற்குக் கீழே உள்ளது நாலு நாள் வேலை! 220 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இணைப்புகளில் பட்டி வைத்து, காயவிட்டு, 400 எண் தாளால் மீண்டும் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர். அது காய்ந்ததும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விட்டுப்போன பள்ளங்கள் தெரியும். அங்கே மறுபடியும் பட்டி, மறுபடியும் பிரைமர். 600 எண் தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, காயவைத்த பிறகே வண்ணம். அதையும் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்திலிருந்து, மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும்.

தின்னரால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கே இளகிவிடும். மொட்டை மாடியில், முகமூடி அணிந்து அடியுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டவே வேண்டாம். டப்பாவிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

நேரம் கொடுங்கள்

"இவ்வளவு பாடு எதற்கு? கடையில் பெட்டி கிடைக்கிறதே!" என்பீர்கள். கிடைக்கிறது. மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை சொல்லி, திங்கட்கிழமை "கொண்டு வா" என்று பிள்ளைகளைக் கேட்கிறோமே, அது நியாயமா? பள்ளியும் அப்படித்தான் கேட்கிறது, நாமும் அப்படித்தான் கேட்கிறோம். வேலை கோணலானால் "உனக்குக் கை வராது" என்கிறோம். கை வரும். நாள்தான் போதவில்லை.

என் தாயார் ரேடியோ இல்லாமலே ஊருக்குப் போனார். மகன் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, முதலிலிருந்து தொடங்கினான். பத்து நாள் கழித்துப் பெட்டி பார்சலில் போயிற்று.

பின்பக்க மூலையில் மட்டும் ஒரு கோடு இன்னும் தெரிகிறது. பாட்டிக்கு அது தெரியாது என்கிறான் பையன்.